வேல் போட்ட சால்வை

பூமிசாஸ்திரம் படிப்பித்துக்கொண்டிருந்த ஒருவன், நாற்பதை எட்டிப்பார்க்கும் வயதில், துணியில் பூ அடிக்கப் போகிறேன் என்று பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கினால், ஊர் அதற்கு இரண்டு காரணங்களைத்தான் ஏற்றுக்கொள்ளும். ஒன்று பெண் விவகாரம். மற்றது மண்டைக்கோளாறு. என் விஷயத்தில் முதலாவதை ஒருவரும் நம்பவில்லை. என் முகம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஆகவே இரண்டாவது நிலைத்தது.

உண்மைக் காரணம் ஒரு சஞ்சிகை. வட்டுக்கோட்டைக்கு அடுத்த ஊரில் நான் படிப்பித்த மிஷன் பள்ளிக்கூடத்து வாசிகசாலைக்கு, சீமையில் யாரோ படித்து முடித்த சஞ்சிகைகள் பெட்டிபெட்டியாக வந்து சேரும். அவற்றைப் பிரித்து அடுக்குவது என் பொறுப்பு. அடுக்குமுன் வாசிப்பது நானாக எடுத்துக்கொண்ட கூலி. அவற்றில் ஒன்றில் ஒரு படம் இருந்தது. மரச்சட்டம் ஒன்றில் மெல்லிய பட்டுத்துணியை இழுத்துக் கட்டியிருக்கிறது. ஒருவன் அதன்மேல் சாயக்குழம்பை ஊற்றி, விளிம்பில் ரப்பர் பதித்த பலகையால் ஒரே இழுவையாக இழுக்கிறான். சட்டத்தைத் தூக்கினால் கீழே விரித்த துணியில் ஒரு ரோசாப்பூ.

சாயம் பட்டின் கண்களுக்குள்ளால் இறங்குகிறது என்று எழுதியிருந்தார்கள். இறங்கினால் ஏன் பரவவில்லை? பரவாமலிருக்க அது எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும்? அவ்வளவு தடிப்பாக இருந்தால் பிறகு எப்படி இறங்கும்? வகுப்பில் நைல் நதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்விகள் குறுக்கே வந்து நின்றன. மாஸ்டர் இன்றைக்கு நைல் நதியைப் பட்டுத்துணியால் வடித்துக் கடலில் விட்டார் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னதாகக் கேள்வி.

பள்ளிக்கூடத்து மனேச்சர் ஒரு தமிழ்ப் பாதிரியார், நல்ல மனிதர். சம்பளமில்லாத லீவு கேட்டேன். ஏன் என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஆவணி விடுமுறை முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கிற அண்டைக்கு வந்தீரெண்டால் உம்மடை இடம் உமக்கு. வராட்டில் வேறை ஆளுக்குக் குடுத்துப்போடுவன். பிறகு கோவிக்கப்படாது."

வீட்டில் நிபந்தனை இன்னும் கடுமையாக இருந்தது. சட்டத்தில் கட்டுவதற்கு மெல்லிய பட்டு வேண்டும். அது எங்கள் வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது. தேவாலயத்தில் எனக்குப் பக்கத்தில் நின்று 'ஓம்' சொன்ன அன்று என் மனைவி உடுத்திருந்த வெள்ளைப் பட்டுச் சீலை. கேட்கத் துணிவில்லாமல் அலுமாரிக்கு முன்னால் இரண்டு மூன்று தரம் நடந்தேன். அவளே எடுத்து மேசையில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, தாறன். ஆனால் ஒரு கதை. உங்கடை யாவாரம் சரிவந்தால் எனக்கு இதே மாதிரி ஒண்டு எடுத்துத் தரவேணும். சரிவராட்டில் பேசாமல் பள்ளிக்கூடத்துக்குப் போறியள். பிறகு செத்தாலும் சாயம் எண்ட சொல்லு இந்த வீட்டுக்குள்ளை வரப்படாது. ஓமோ?"

"ஓம்" என்றேன். அதே பெண்ணுக்கு, அதே சீலைக்கு முன்னால், இரண்டாந்தரம்.

வளவுக்குள் புகையிலை உலர்த்தும் கொட்டில் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதுதான் தொழிற்சாலை. முதலாளி, தொழிலாளி, கணக்கப்பிள்ளை, காவற்காரன் எல்லாம் நானே. தொழிலாளி சம்பளம் போதாதென்று முறுகினால் முதலாளி அவனோடு சேர்ந்து முறுகினான். எவ்வளவு கழுவினாலும் அந்த இடத்தில் அடித்த துணியில் புகையிலை மணம் இருந்தது. முதல் ஓடர், தேவாலயத்துப் பெண்கள் சங்கத்துக்குத் தாமரைப்பூப் போட்ட மேசைவிரிப்பு. சுருட்டுக் குடித்துக்கொண்டு தேநீர் பரிமாறுவதுபோல இருந்தது என்று பேசிக்கொண்டார்களாம்.

தொழிலின் சூட்சுமம் எனக்கு மெல்லமெல்லத்தான் பிடிபட்டது. பூ எங்கே வரவேண்டுமோ அங்கே ஒன்றும் செய்யக்கூடாது. வரக்கூடாத இடமெல்லாம் பட்டில் அரக்கைப் பூசி அடைக்கவேண்டும். மிச்சமாக விட்டதுதான் பூ. சாயத்தைத் தடிப்பாக்கப் புளியங்கொட்டைப் பசை. துணியில் சாயம் பிடிக்க முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு ஊறல். பிடித்தது நிலைக்கப் பிறகு ஆவியில் ஒரு அவியல். ஆவிக்கு எங்கே போவது? அடுப்படியில் புட்டுப்பானை இருந்தது. முதலில் அடித்த கைக்குட்டைகளை, எங்கள் பேச்சில் லேஞ்சிகளை, புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிக்குள் சுருட்டி வைத்துத்தான் அவித்தேன். அதற்கடுத்த நாள் புட்டு இளஞ்சிவப்பாக வந்தது.

என் மனைவியின் தமையன் அடுத்த வளவில் இருந்தார். அதே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். அந்தப் புட்டைச் சாப்பிட வந்தவர் அவர்தான்.

"தங்கச்சி, உவன் உன்ரை சீலையை அறுத்தான். பாத்துக்கொண்டு இருந்தனான். இப்ப என்ரை குடலுக்கும் பூ அடிக்கிறான்."

"வடிவாத்தானே இருக்கு, மச்சான்" என்றேன்.

"வடிவு பாக்கிறதுக்கு உள்ளுக்கை ஆர் போறது?"

அவர் அப்படிச் சொன்னாலும், பின்னேரங்களில் கொட்டிலுக்கு வந்து ஒரு பெட்டிமேல் குந்தியிருந்து நான் பலகை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சட்டத்தைத் தூக்கும்போது அவர் கழுத்தும் சேர்ந்து நீளும். ஒவ்வொரு முறையும் அதே பூத்தான் கீழே இருக்கப்போகிறது என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் பார்க்கத் தோன்றுகிற வேலை அது. பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அடுத்த வருஷமும் நைல் நதி அதே இடத்தில்தான் ஓடும் என்பது எனக்குத் தெரியும். அதைத் தூக்கிப் பார்க்க எனக்கு ஆசை வரவில்லை. திரும்பிப் போவதை நினைத்தபோதெல்லாம் இன்னொரு துணியை எடுத்து விரித்தது அதனால்தான்.

லேஞ்சியும் மேசைவிரிப்பும் மனிதனைக் காப்பாற்றா. ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆவணியில் யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே திசையில் நடக்கும், நல்லூர் முருகன் கோயிலுக்கு. அத்தனை ஆண்களின் தோளிலும் ஒரு சால்வை இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது என் மூளையில் ஒரு வெளிச்சம் அடித்தது. அந்த வெளிச்சத்தை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

திருவிழாக் கூட்டத்தில் மனிதனுக்கு என்ன தெரியும்? முன்னால் போகிறவனின் முதுகு தெரியும். அதைத்தவிர வேறொன்றும் தெரியாது. சால்வையைப் போர்த்தினால் அதன் நடுப்பகுதி சரியாக முதுகின் மேற்பாதியில் விழுகிறது. அங்கே ஒரு வேல். சிவப்பில், ஒரு சாண் உயரத்தில், நிமிர்ந்த வேல். சாமியைக் காணாத தூரத்தில் நிற்பவனுக்கும் கைகூப்ப முன்னால் ஒரு முதுகு இருக்கும். பக்தியையும் யாவாரத்தையும் பூமிசாஸ்திரத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அரக்கால் வேலைச் சுற்றி அடைத்து முதற் சால்வையை அடித்ததும், எனக்குப் போர்த்திப் பார்த்தேன். மனைவி பின்னால் நின்று கண்ணாடி பிடித்தாள். மச்சானுக்குப் போர்த்தி முற்றத்தில் நடக்கவிட்டோம். தேவாலயத்து மணியடிப்பவர் வந்தார், அவருக்கும் போர்த்தினோம். எல்லா முதுகிலும் வேல் கம்பீரமாக நின்றது.

"வேதக்காரன் வேல் அடிச்சு விக்கிறான் எண்டு உபதேசியார் பிரசங்கத்திலை போடப்போறார்" என்றார் மச்சான், நடந்துகொண்டே. எங்கள் பக்கத்தில் வேதக்காரன் என்றால் கிறிஸ்தவன்.

"போடட்டும். இலவச விளம்பரம்."

"நீ எப்பவாவது நல்லூருக்குப் போயிருக்கிறியோ?"

"வருஷாவருஷம் போறனான்."

பொய்யில்லை. வருஷாவருஷம் போனேன். வெளிவீதியில் கடலை வாங்கினேன், மனைவிக்குக் காப்பு வாங்கினேன், காவடி பார்த்தேன். வாசலுக்கு இந்தப் பக்கத்தில் நல்லூரைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றுமில்லை.

வெள்ளைச் சால்வை மொத்தமாக எடுத்தேன். நெல்லவிக்கும் கிடாரத்தில் அவித்தேன். கிணற்றடியிலிருந்து வேலிவரை கொடி கட்டிக் காயப்போட்டேன். காற்றடிக்கும்போது வளவு முழுக்க வேல்கள் அசைந்தன. ஒழுங்கையால் போன சைவக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் வேலியைப் பார்த்துக் கும்பிட்டுப் போனார். அது நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

திருவிழாவுக்காக வீதியில் கொட்டகை போட்டிருந்த ஒரு துணிக்கடை முதலாளி சம்மதித்தார். ஒன்றை விரித்துப் பார்த்து, "வடிவாக் கிடக்கு, மாஸ்டர்" என்று சொல்லிக் கடை வாசலில் தொங்கவிட்டார். கொடியேற்றத்தன்று காலை சால்வைகள் போன வேகத்தில் எனக்குத் தலை சுற்றியது. எதிரிலிருந்த சர்பத் கடையில் நின்று, என் வேல்கள் முதுகுமுதுகாகக் கோயிலுக்குள் போவதைப் பார்த்தேன். மனைவிக்கு எடுக்கப்போகும் பட்டுச் சீலைக்குக் கரை எந்த நிறம் என்றுகூட யோசித்தேன்.

பூசை முடிந்து சனம் வெளியே வரத் தொடங்கியது. போனபோது முதுகில் இருந்த சால்வைகள் திரும்பி வந்தபோது கையில் சுருட்டப்பட்டிருந்தன. வெயில் என்று நினைத்தேன். அப்போது தென்மராட்சிப் பக்கத்தில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர், நல்ல தாட்டியான மனிதர், கடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இதை அடிச்சது ஆர்?"

முதலாளி சர்பத் கடைப் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் சர்பத்தை வைத்துவிட்டுப் போனேன்.

"தம்பி, நீரோ? நீர் வேதமோ?"

"ஓம் ஐயா."

"அதுதான் பாத்தன். ஒருக்காலாவது உள்ளுக்கை போனனீரோ?"

"இல்லை, ஐயா. வெளிவீதியிலை மட்டும்…"

"அப்ப பாரும்."

கையிலிருந்த சால்வையை உதறினார். முதுகிலே போர்த்தினார். வேல் கம்பீரமாக நின்றது. "இது வீதி" என்றார். பிறகு அதைத் தோளிலிருந்து இறக்கி, அரையைச் சுற்றி, வயிற்றுக்கு முன்னால் முடிந்தார். "இது சன்னிதானம்" என்று சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

வேல் இப்போதும் நிமிர்ந்துதான் நின்றது. ஆனால் அது நின்ற இடம், அந்தப் பெரிய மனிதர் கதிரையில் இருப்பதற்காகக் கடவுள் தாராளமாகக் கொடுத்திருந்த இடம்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெடியன் தகப்பனின் வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. கமக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"சாமிக்கு முன்னாலை தோளிலை சால்வையோடை நிக்கேலுமோ? கட்டினன். எனக்குப் பின்னாலை நிண்ட கிழவி ஒண்டு 'அப்பனே முருகா, இதென்ன கோலம்' எண்டு அழுகுது. நான் என்னவோ எண்டு திரும்ப, எனக்கு முன்னாலை நிண்டவனுக்கும் அதே கோலம். வெளியாலை வந்து களைப்பாறக் குந்துவம் எண்டால், குந்தேலுமோ? எதுக்கு மேலை குந்துறது?"

"ஐயா, காசைத் திருப்பித் தாறன். தாருங்கோ."

"வேலைத் திருப்பிக் குடுக்கிறதோ? விசர்க்கதை கதைக்கிறீர். சாமி வந்தது வந்ததுதான். கட்டேலாது, குடுக்கேலாது, எறியேலாது. நீரே சொல்லும், நான் இதை என்ன செய்ய?"

அவர் அதை மடித்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஒரு குழந்தையைக் கொண்டுபோவதுபோலக் கொண்டுபோனார்.

"முதலாளி, நீங்கள் சைவந்தானே. உங்களுக்கும் தோணேல்லையோ?" என்று கேட்டேன்.

"நான் துணியைப் பாத்தனான், மாஸ்டர். உடுத்துப் பாக்கேல்லை. கோவிக்காதையுங்கோ, மூட்டையைக் கட்டுங்கோ. கல்லெறி விழமுன்னம்."

மூட்டையைக் கண்டதும் மனைவி ஒரு பக்கத்தைப் பிடித்து இறக்கினாள். நடந்ததைச் சொன்னேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். பிறகு திரும்பி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாங்கள் நடக்கவிட்டுப் பாத்த எல்லாரும் வேதக்காரர்" என்றாள்.

"உனக்கு அப்பவே தெரியுமோ?"

"தெரிஞ்சால் என்ரை சீலையை வெட்ட விட்டிருப்பனோ?"

மச்சான் வந்து பூமிசாஸ்திரப் புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். தூசி தட்டி வைத்திருந்தார். அது அவருடைய இரக்கம்.

ஆனால் கமக்காரரின் கேள்வி என்னை விடவில்லை. அவர் இதை என்ன செய்வார்? அதைவிட, ஒரு சால்வையின் எந்த இடத்தில் வேலைப் போட்டிருந்தால் அது தப்பியிருக்கும்? கடையில் விற்கிற பொருள்தானே. ஆனால் அது மனிதன் உடம்பில் எங்கெங்கே பயணம் பண்ணுகிறது என்று நான் பார்த்ததே இல்லை. பூமிசாஸ்திரம் படித்தவனுக்கு இது பெரிய அவமானம். சைக்கிளை எடுத்துக்கொண்டு சால்வைகளின் தேச சஞ்சாரத்தைப் பார்க்கப் போனேன்.

அரசாங்கக் கந்தோர் இருக்கும் கச்சேரியடியில் நின்றேன். டாக்குத்தர் வீட்டு விறாந்தையில் நோயில்லாமல் காத்திருந்தேன். கீரிமலையில் குளிக்கப் போனவர்களின் துணியைக் குளிக்காமல் பார்த்துக்கொண்டிருந்து, ஒருவரிடம் ஏச்சும் வாங்கினேன். பார்க்கப் பார்க்கச் சால்வை ஓரிடத்தில் நிற்கிற சாமானே இல்லை. நுனியில் வெற்றிலை முடிகிறார்கள். அதே நுனியால் மூக்கைத் துடைக்கிறார்கள். வெயிலுக்குத் தலைப்பாகை, சுமைக்குச் சும்மாடு, பஸ்ஸில் இடம்பிடிக்க விரிப்பு, சாப்பிட்டால் கைதுடைக்கிற துவாய், பிள்ளை அழுதால் ஏணை. வேலை நடுவில் போட்டால் குந்துவார்கள். நுனியில் போட்டால் மூக்குச் சீறுவார்கள். கரையில் போட்டால் புழுதியில் இழுபடும்.

கச்சேரியடியில் கண்டதுதான் எனக்கு அதிகம் விளங்காததும், மறக்காததும். ஒருவர் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, வழக்குப் பார்க்கும் பிரக்கராசியின் கிளாக்கரோடு உரத்த குரலில் நியாயம் கதைத்துக்கொண்டிருந்தார். பிரக்கராசி உள்ளேயிருந்து வெளியே வந்தார். சால்வை இறங்கியது. கை அதை இறக்கியதை அந்த மனிதர் அறிந்ததாகவே தெரியவில்லை. சால்வையோடு குரலும் இறங்கியது. பிரக்கராசி காரேறிப் போனார். சால்வை ஏறியது, அதன் பின்னால் குரலும் ஏறியது. குரல் தொண்டையில் இருக்கிறது என்றுதான் நான் படித்திருந்தேன்.

தோளுக்கு ஏறவே விடப்படாத சால்வைகளும் இருந்தன. எங்கள் வளவுக்குத் தென்னை ஏற வருகிற மனிதரின் சால்வை எப்போதும் கக்கத்துக்குள்தான் இருக்கும். வேதம் எல்லாருக்கும் ஒன்று என்று ஞாயிறுதோறும் கேட்டுவிட்டு வருகிற எங்கள் படலையடியிலும் அது கக்கத்தை விட்டு மேலே வந்ததில்லை. அவ்வளவு காலமும் அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பது அந்த வாரம்தான் தெரிந்தது. அது சிரிக்கிற விஷயமாக இருக்கவில்லை.

எனக்கு இன்னொரு ஆராய்ச்சி ஆசையும் வந்தது: என்னுடைய சால்வை யாருக்கு முன்னால் இறங்கும்? பள்ளிக்கூடத்துக் காலத்தில் நான் கோட்டுப் போடுவேன். கோட்டுக்குமேல் சால்வை வெறும் அலங்காரம். அதற்கு இறங்கத் தெரியாது. இப்போது கோட்டு முழுவதும் சாயம்.

தேருக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது, நாவற்குழிப் பக்கமாக வந்த வண்டில் வரிசை ஒன்று ஒழுங்கைத் திருப்பத்தில் என் சைக்கிளை மறித்தது. முன்னால் வந்தது கூடாரம் போட்ட வண்டில். கூடாரத்தின் முகப்பில், மாடுகளின் தலைக்கு மேலே, என் சால்வை இழுத்துக் கட்டியிருந்தது. நட்டநடுவில் வேல். அதன் கீழே ஆசனத்தட்டில் அந்தத் தென்மராட்சிக் கமக்காரர்.

"ஐயா!" என்று கத்தினேன்.

"ஆர் உது? வேல்காரத் தம்பியோ!" வண்டிலை நிறுத்தினார். "என்ன செய்ய எண்டு கேட்டன், நீர் சொல்லேல்லை. பேந்து மனுசி சொன்னாள், அலுமாரிக்குள்ளை வைச்சால் பாச்சான் பூச்சி தின்னும், முன்னுக்குக் கட்டு எண்டு. இப்ப பாரும், தெருவிலை எல்லாரும் எனக்கெல்லே வழி விடினம்."

"இதிலை ஆரும் குந்தேலாது" என்றேன்.

"எட்டினாலெல்லே குந்த!"

பின்னால் வந்த வண்டில்காரர் எட்டிப்பார்த்தார். "அண்ணை, உதை எங்கை வாங்கினியள்? எனக்கும் ஒண்டு வேணும்."

வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்தேன். ஒவ்வொரு சால்வையிலும் வேல் நின்ற நடுத்துண்டை வெட்டி, மேலும் கீழும் நாடா தைத்தேன். மனைவியின் தையல் மெசினில் அவள் கால் மிதிக்க, நான் துணி தள்ளினேன். மிஞ்சிய இரண்டு பக்கத்துத் துண்டுகளும் துவாயாயின. மச்சான் நாடா வெட்டினார்.

"கணக்குப் பாத்தால், ஒரு நல்ல சால்வையை மூண்டு கெட்ட துணியாக்கிறம்" என்றார்.

"பேசாமல் வெட்டு, அண்ணை" என்றாள் தங்கை.

துணிக்கடை முதலாளி இம்முறை முகப்பில் கட்டிப் பார்த்து, கீழே குந்திப் பார்த்து, எட்டுகிறதா என்று கையை நீட்டியும் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். தேர் நாள் விடியற்காலை நான் சந்தியில் நின்றேன். வலிகாமத்து வண்டில்களும் தென்மராட்சி வண்டில்களும் புழுதிக்குள்ளால் வந்தன. எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் ஒன்றைக் கண்டால் அடுத்ததைத் தேடுகிற அளவுக்கு இருந்தன. சட்டத்தைத் தூக்கிப் பார்க்கிறபோது மச்சானின் கழுத்து நீளுவதுபோல என் கழுத்து நீண்டுகொண்டே இருந்தது.

ஆனால் வண்டிலுக்கு ஒரு முகப்புத்தான். கட்டியவன் அடுத்த வருஷமும் அதையேதான் கட்டுவான். ஒரு திருவிழா தப்பியது என்பதற்காகத் தொழில் தப்பியது என்று சொல்லமுடியாது. விடுமுறை முடிந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலை, என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமலே மனேச்சர் வீட்டுக்குப் புறப்பட்டேன். வெட்டுக்குத் தப்பிய வேல் சால்வை ஒன்றுதான் வீட்டில் தோய்த்துக் காய்ந்து கிடந்தது. அதைப் போர்த்திக்கொண்டேன். வழியில் எனக்குள் ஒரு பந்தயம் கட்டினேன். அவருக்கு முன்னால் சால்வை இறங்கினால் நான் வாத்தியார். தோளில் நின்றால் சாயக்காரன். கையை வேண்டுமென்றே பிடித்து வைக்கக்கூடாது. அது ஆராய்ச்சிக்கு அழகல்ல.

விறாந்தைக்கு மூன்று படி. பாதிரியார் உள்ளே இருமினார். இரண்டாவது படியிலேயே அது இறங்கிவிட்டது. கீழே பார்த்தபோது அரையைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. என் கைதான் போட்டிருக்கவேண்டும். வேறு யாரும் அங்கே இல்லை. சரி, நைல் நதி என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"வாரும், மாஸ்டர். நேரத்துக்கு வந்திட்டீர்." அவர் முகம் மலர்ந்தது. "உம்மடை இடம் அப்பிடியே கிடக்கு. இரும்."

கதிரையைக் காட்டினார். நான் இருக்கப் போனேன். பாதி வளைந்த நிலையில், எதன்மேல் இருக்கப்போகிறேன் என்று நினைவு வந்தது.

நான் வேலைக் கும்பிடுகிறவனல்ல. அதை நானே அரக்கால் அடைத்து, புளியங்கொட்டைப் பசையால் இழுத்து, நெல்லவிக்கிற கிடாரத்தில் அவித்தவன். அதில் எத்தனை பங்கு கடுக்காய் என்று எனக்குத் தெரியும். இருந்தும் என் முழங்கால் மடியமாட்டேன் என்றது. எதுக்கு மேலை குந்துறது என்று ஒரு தாட்டியான குரல் காதுக்குள் கேட்டது. நிமிர்ந்தேன்.

"இரும், இரும்" என்றார் மனேச்சர்.

திரும்பவும் வளைந்தேன். திரும்பவும் நிமிர்ந்தேன்.

"இடுப்பிலை ஏதும் பிடிப்போ?"

"இல்லை, ஐயா. ஒரு நிமிஷம்."

வேறு வழியில்லை. முடிச்சை அவிழ்த்தேன். சால்வையை உதறித் தோளில் போர்த்தினேன். பிறகு கதிரையில் இருந்தேன். கதிரை வழக்கத்தைவிட உயரமாக இருந்ததுபோலப் பட்டது. பாதிரியார் என் தோளைப் பார்த்தார். அவருக்கு முன்னால் யாரும் அப்படி இருந்ததில்லை.

"ஐயா, நான் வரேல்லை எண்டு சொல்லத்தான் வந்தனான்."

குரல் நன்றாகவே வந்தது. கிளாக்கரோடு நியாயம் கதைத்த மனிதரின் குரல் எனக்கு ஞாபகம் வந்தது. பந்தயத்தில் நான் தோற்றிருந்தேன். அதைத் தீர்ப்பவரும் நானே என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன்.

அவர் வற்புறுத்தவில்லை. எனக்காகச் செபிப்பதாகச் சொன்னார். தேவைப்படும் என்றும் சொன்னார். எழுந்து கைகொடுத்துவிட்டு வாசலை நோக்கித் திரும்பினேன். பின்னால் அவர் நிறுத்தினார்.

"மாஸ்டர், உம்மடை முதுகிலை என்ன?"

"என்ரை தொழில், ஐயா."

ஒரு மிஷன் வீட்டுக்குள் அவ்வளவு பெரிய வேல் அதற்கு முன் நின்றிருக்காது. பிறகு கிட்ட வந்து, விரல் நுனியால் துணியைத் தொட்டார். அவரும் அந்தச் சஞ்சிகைகளை வாசிக்கிறவர்தான்.

"சாயம் ஏன் பரவேல்லை?" என்றார்.

திரும்பி வந்து கதிரையில் இருந்து, புளியங்கொட்டையிலிருந்து தொடங்கினேன். பள்ளிக்கூட மணி அடித்தது. இரண்டு பேருமே எழும்பவில்லை.

சீலைக் கதை பாக்கி. அடுத்தடுத்த வருஷங்களில் சட்டைத்துணி அடித்தேன், யன்னல் சீலை அடித்தேன், சின்னப்பிள்ளைகளின் சட்டையில் அணில் அடித்தேன். ஒன்றையும் பத்து உடம்பில் போட்டு, குந்தவும் குனியவும் கும்பிடவும் வைத்துப் பார்க்காமல் விற்கவில்லை. பட்டு எடுக்கக் காசு சேர்ந்த நேரம் உலக யுத்தம் வந்து, கடையில் பட்டே இல்லாமற் போனது. மனைவி இதை நம்பவில்லை. சட்டத்தில் கட்டியிருக்கும் அந்தப் பழைய பட்டைச் சிலவேளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறாள். கரையில் அரக்குப் படாத ஒரு விரல் அகலம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.